ஏஎஸ்ஐ120எம்எம் மினி கைட் கேமரா: 8 மாசம் யூஸ் பண்ண அனுபவம்

ஓரியன் நெபுலாவ 72எம்எம் ரிஃப்ராக்டர்ல (லென்ஸ் வெச்ச டெலஸ்கோப்) 30 செகண்டுக்கு மேல எக்ஸ்போஸ் பண்ணாலே நட்சத்திரமெல்லாம் அரிசி மாதிரி நீண்டுடும், அதுக்காகத்தான் இந்த கேமராவும் அத மாட்ட 30எம்எம் கைட் ஸ்கோப்பும் (மெயின் டெலஸ்கோப் கூட சேத்து வெக்கற குட்டி டெலஸ்கோப்) வாங்கினேன், இப்ப 3 நிமிஷ ஃப்ரேம்லயும் புள்ளி புள்ளியா நிக்குது. அவ்ளோ சந்தோஷம்.

வானம் செகண்டுக்கு 15 ஆர்க்செகண்ட் நகருது (ஒரு டிகிரிய 3600 பங்கா போட்டா அதுல ஒண்ணுதான் ஆர்க்செகண்ட்), டெலஸ்கோப்ப தாங்கற மவுன்ட்டும் அதே வேகத்துல திரும்பணும், ஆனா உள்ள இருக்கற வார்ம் கியர் (திருகு மாதிரி பல்சக்கரம்) ஒவ்வொரு சுத்துலயும் கொஞ்சம் முந்தும், கொஞ்சம் பிந்தும். கைட் கேமரா 2 செகண்டுக்கு ஒரு தடவ நட்சத்திரத்த படம் எடுக்க, பிஎச்டி2 சாஃப்ட்வேர் (ஃப்ரீதான்) அது எவ்ளோ விலகுச்சுன்னு பாத்து மவுன்ட்ட லேசா தட்டி சரி பண்ணுது. கைட் ஸ்கோப்போட 120எம்எம் ஃபோகல் லெங்த்ல ஒரு பிக்சலே 6.4 ஆர்க்செகண்ட் வருது, இதுல எப்டி 1 ஆர்க்செகண்ட் பிடிக்கும்னு எனக்கும் சந்தேகம் இருந்துச்சு. நட்சத்திரத்தோட வெளிச்சம் பக்கத்து பிக்சல்லயும் பரவுறதால அதோட நடுப்புள்ளிய பிக்சல்ல சின்ன பங்கு வரைக்கும் கணக்கு போட்டுடுது. எனக்கு ஆர்எம்எஸ் (மொத்தத்துல எவ்ளோ விலகுதுங்கற அளவு) 0.9, 1.1 ஆர்க்செகண்ட் அப்படி வருது, என்னோட ரிஃப்ராக்டரோட 420எம்எம் ஃபோகல் லெங்த்துக்கு தாராளம்.

சென்னைல துருவ நட்சத்திரம் 13 டிகிரி உயரத்துலதான் இருக்கும், எங்க மாடில பக்கத்து வீட்டு தண்ணி டேங்க் மறைச்சிடுது, அதனால பிஎச்டி2ல இருக்கற டிரிஃப்ட் அலைன் (நட்சத்திரம் எந்தப் பக்கம் நகருதுன்னு பாத்து சரி பண்ற முறை) வெச்சுதான் போலார் அலைன்மென்ட் (மவுன்ட்டோட அச்ச வான துருவத்துக்கு நேரா வெக்கறது) பண்றேன். கைடிங் இருக்கேன்னு இத விட்டுடாதீங்க, அலைன்மென்ட் தப்பா இருந்தா கைட் ஸ்டார் அசையாம நிக்கும், ஆனா படத்தோட ஓரத்துல இருக்கற நட்சத்திரமெல்லாம் வளைஞ்சு வரும்.

முதல் மாசம் விலகல காட்டற பிஎச்டி2 கிராஃப்ல சிவப்பு கோடு திடீர் திடீர்னு எகிறும், செட்டிங்க்ஸ் எல்லாம் மாத்தி மாத்தி மூணு ராத்திரி போச்சு, கடைசில பாத்தா யூஎஸ்பி கேபிள் டிரைபாட் கால்ல மாட்டி இழுத்துட்டு இருக்கு! கேபிள சேத்து கட்டி கொஞ்சம் தொய்வா விட்டதும் அடங்கிடுச்சு.

மெயின் டெலஸ்கோப் ஃபோகல் லெங்த் 500எம்எம் வரைக்கும்னா கண்ண மூடிட்டு வாங்கலாம். 8 இன்ச் எஸ்சிடி (ஷ்மிட்-காசெக்ரெய்ன், கண்ணாடி வெச்ச டெலஸ்கோப்) வெச்சிருக்கவங்களுக்கு கைட் ஸ்கோப் வேணாம், மெயின் மிரர் அசையறது இதுக்கு தெரியாது, இதே கேமராவ ஆஃப்-ஆக்சிஸ் கைடர்ல (மெயின் டெலஸ்கோப் வெளிச்சத்துலயே கொஞ்சத்த கைட் கேமராவுக்கு திருப்பற சாதனம்) மாட்டிக்கோங்க.