பழைய மைவிக்கு டைமிங் செயின்: அப்படியே ஓட்டுவதா, மாற்றுவதா, வேறு எஞ்சின் போடுவதா?

பேராவில் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டச் சாலைகளில் 2005-இல் வந்த முதல் தலைமுறை பெரோடுவா மைவி கார் இன்னும் தாராளமாக ஓடுகிறது. அதற்கு முன் கஞ்சிலும் வீராவும் வைத்திருந்தவர்களுக்கு டைமிங் பெல்ட் பழகிப்போன செலவு. ஏறக்குறைய ஒரு லட்சம் கிலோமீட்டருக்குள் மாற்றிவிடுவார்கள். மைவி 1.3-இன் கே3-விஇ எஞ்சினில் இருப்பது பெல்ட் இல்லை, இரும்புச் செயின். பிஸ்டன்கள் சுற்றும் கிராங்க் தண்டையும் வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டையும் ஒத்துச் சுழல வைப்பது அதுதான். "செயின்தானே, ஆயுசுக்கும் கவலையில்லை" என்று சொல்லித்தான் விற்பார்கள். யாருடைய ஆயுசு என்று மட்டும் சொல்வதில்லை.

பெல்ட்டைப் போல இதற்குக் கெடு வைத்த கிலோமீட்டர் கிடையாது. செயின் "நீண்டுவிட்டது" என்கிறோமே, அங்கே இரும்பு இழுபடுவதில்லை. கண்ணிகளை இணைக்கும் ஊசிகள் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கின்றன. ஒவ்வொரு கண்ணியிலும் மயிரிழை அளவு இடைவெளி விழுந்தாலும், எல்லாம் சேரும்போது செயின் தொய்ந்துவிடும். தேய்ப்பது பெரும்பாலும் அழுக்கான எண்ணெய். லயத்திலிருந்து பள்ளிக்கூடம், பள்ளியிலிருந்து டவுன் என்று எஞ்சின் முழுசாகச் சூடாவதற்குள் நிறுத்தப்படும் வண்டியில் எண்ணெய் சீக்கிரமே கெட்டுவிடும். அதனால் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் 2 லட்சம் ஓடிய வண்டியைவிட, தோட்டத்துக்குள்ளேயே 1 லட்சம் ஓடிய வண்டியின் செயின் மோசமாக இருக்கலாம். அதோடு, கைமாறி வந்த வண்டியின் மீட்டரை நம்பி எதையும் தீர்மானிக்காதீர்கள்.

காதைத்தான் நம்ப வேண்டும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியைக் காலையில் பானெட்டைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்யச் சொல்லி, பக்கத்தில் நின்று கேளுங்கள். தகர டப்பாவில் ஆணியைப் போட்டுக் குலுக்கினாற்போல ஒரு சத்தம் வந்து, ஓரிரண்டு வினாடியில் அடங்கினால் பதற வேண்டாம். செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்வது. ராத்திரியில் எண்ணெய் இறங்கியிருக்கும், ஏறியதும் பிடித்துக்கொள்ளும். சத்தம் நீண்டுகொண்டே போனாலோ, எஞ்சின் சூடான பிறகும் கேட்டாலோ விஷயம் வேறு.

அடுத்து எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். தேன் நிறத்தில் மெல்லிய படலம் என்றால் பரவாயில்லை. விரலில் கறுப்புக் களிம்பு ஒட்டினால், முன்பு வைத்திருந்தவர் எண்ணெய் மாற்றுவதில் கை இழுத்திருக்கிறார். ஸ்கேனர் போட்டுப் பார்க்கும்போது பி0016 என்ற பழுதுக் குறியீடு (கோட்) வந்தால், கிராங்கும் கேமும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை என்று பொருள். அதற்காக உடனே செயின் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சென்சர் கோளாறிலும், கேமின் நேரத்தை மாற்றும் விவிடி வால்வில் அடைப்பு இருந்தாலும் இதே கோட் வரும். அதையும் சோதிக்காமல் செயினை மாற்றச் சொல்லும் போமேனை (மெக்கானிக்கை) விட்டு வேறு போமேனைப் பாருங்கள்.

சரி, இப்போது எதைச் செய்வது?

சத்தம் நொடியில் அடங்குகிறது, கோட் இல்லை, உள்ளே சுத்தம் என்றால் நான் செயினைத் தொடவே மாட்டேன். சரியான தரத்தில் எண்ணெய், 5,000 கிலோமீட்டருக்கொரு முறை ஃபில்டரோடு மாற்றம், வாரம் ஒருமுறை குச்சியை இழுத்து அளவு பார்ப்பது, இவ்வளவுதான். எண்ணெய் அளவு குறைந்தாலே டென்ஷனர் தடுமாறும். செயின் சத்தம் என்று பட்டறைக்கு வரும் சில வண்டிகளுக்கு ஒரு லிட்டர் எண்ணெய்தான் மருந்து.

டென்ஷனரை மட்டும் மாற்றுவது வெளியிலிருந்தே கழற்றக்கூடிய எஞ்சின்களில் சரிப்படும். முன் கவரைத் திறந்துதான் எடுக்க வேண்டும் என்றால் வீண். இந்த வேலையில் கூலிதான் பெரிது. ஒரு பொருளுக்காகத் திறந்தாலும் ஐந்து பொருளுக்காகத் திறந்தாலும் அதே கூலி.

சத்தம் நீடிக்கிறது, கோட்டுக்குக் காரணம் செயின்தான் என்பதும் உறுதி என்றால் முழு செட்: செயின், டென்ஷனர், இரண்டு பக்க பிளாஸ்டிக் கைடுகள், தேய்ந்திருந்தால் பல் சக்கரங்கள், புது சீல். பழைய கைடு உடைந்திருந்தால் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியான சம்ப்பையும் இறக்கி, எண்ணெய் உறிஞ்சும் வலையில் துண்டுகள் சிக்கியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இதைத் தள்ளிப்போடுவது ஆபத்து. செயின் சில பற்கள் தாண்டினால் பல எஞ்சின்களில் வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொள்ளும். அப்புறம் செயின் விலையைப் பற்றி யாரும் பேசப்போவதில்லை.

பழைய வண்டிகளை வெட்டி இறக்குமதி செய்து விற்கும் ஈப்போ ஹாஃப்கட் கடையில் ஜப்பான் எஞ்சின் வாங்கிப் போட்டுவிடலாம் என்பது மூன்றாவது யோசனை. செயினுக்காக மட்டும் என்றால் எனக்கு இதில் ஒப்புதல் இல்லை. வருவதும் பழைய எஞ்சின், அதிலும் ஒரு பழைய செயின். எஞ்சின் எண் மாறுவதால் வாகனப் பரிசோதனை, சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயில் பதிவு என்று அலைச்சலும் சேரும். எஞ்சின் புகைகிறது, எண்ணெய் குடிக்கிறது, செயினும் போச்சு என்றால்தான் இது கணக்குக்கு வரும். அப்படியே வாங்கினாலும், வண்டியில் ஏற்றுவதற்கு முன் முன் கவரைத் திறந்து பார்த்துவிடுங்கள். எஞ்சின் வெளியே கிடக்கும்போது அந்த வேலை பாதி நேரத்தில் முடியும்.

முழு செட் மாற்றும் நாளில் பக்கத்தில் இருக்க முடிந்தால் ஒன்றைக் கவனியுங்கள். கவரை மூடுவதற்கு முன் போமேன் கிராங்கைக் கையாலேயே இரண்டு முழுச் சுற்று சுற்றி, பல் சக்கரங்களின் குறிகள் மறுபடி நேருக்கு நேர் வருகின்றனவா என்று பார்க்க வேண்டும். செயினில் உள்ள நிறக் கண்ணிகள் அப்போது வேறெங்கோ நிற்கும். அது தப்பில்லை, சக்கரத்தின் குறிதான் கணக்கு. சுற்றும்போது எங்காவது இடித்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும், பலம் கொடுத்துத் தள்ளக் கூடாது.