கரும்பலகை பெயின்ட் 1 லிட்டர்: காலாண்டு விடுமுறையில் நானே அடித்துப் பார்த்தது

ஈராசிரியர் பள்ளியில் வேலை பார்க்கும் டீச்சர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

மானாமதுரை பக்கம் ஒரு கிராமத்தில் தொடக்கப் பள்ளி. பிள்ளைகள் 27 பேர். 60 பேர் வரை இரண்டு ஆசிரியர் என்பது 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கு. ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புகள் ஒரே அறையில் என்னிடம். நாலும் ஐந்தும் எச்.எம். சாரிடம். அவர் கூட்டத்துக்குப் போகும் நாளில் ஐந்து வகுப்பும் என் தலையில். பலகையைக் கோடு போட்டு மூன்றாகப் பிரித்து வைத்திருப்பேன். மூன்றாம் வகுப்புக்குக் கடன் வாங்கிக் கழித்தல் சொல்லித் தரும் அரை மணி நேரமும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பலகையைப் பார்த்துத்தான் எழுதிக்கொண்டிருக்க வேண்டும். பலகை தெரியாவிட்டால் அந்த அரை மணி நேரம் அவர்களுக்குப் பள்ளிக்கூடமே இல்லை.

எங்கள் பலகை தெரியவில்லை. எப்போதோ யாரோ சாதாரண கறுப்பு எனாமலை அடித்துவிட்டார்கள். பளபளவென்று இருக்கும், சாக்பீஸ் வழுக்கும். காலையில் முதல் இரண்டு பீரியட் ஜன்னல் வெளிச்சம் பட்டுக் கண்ணாடி மாதிரி மின்னும். இரண்டாம் வகுப்பில் ஒரு பையன் ஒவ்வொரு வரியிலும் முதல் சொல்லை விட்டுவிட்டு எழுதுவான். கவனம் இல்லை என்று பல நாள் திட்டியிருக்கிறேன். ஒருநாள் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து நோட்டுத் திருத்தும்போது நிமிர்ந்து பார்த்தேன். அங்கிருந்து பலகையின் இடது ஓரத்தில் ஓர் எழுத்துகூடத் தெரியவில்லை. அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

முதலில் கோவை இலையும் அடுப்புக்கரியும் அரைத்துத் தேய்த்துப் பார்த்தோம். நான் படித்த காலத்தில் வெள்ளிக்கிழமைதோறும் அதுதான் வேலை. எனாமல் மேல் அது பிடிக்கவே இல்லை, டஸ்டரோடு வந்துவிட்டது. பள்ளி மானியம் 30 பிள்ளைகள் வரை ஆண்டுக்கு 10,000 ரூபாய். துடைப்பம், பினாயில், மோட்டார் ரிப்பேர், பல்பு என்று அது கரைந்துவிடும். சரி, கைக்காசு போடலாம் என்று முடிவு செய்தேன். பெயின்ட் 380, உப்புத்தாள் 60, நாலு இஞ்ச் பிரஷ் 90, டர்பன்டைன் 70. மொத்தம் 600 ரூபாய்.

கடையில் “கறுப்பு பெயின்ட்” என்று கேட்காதீர்கள், மறுபடி எனாமலைத்தான் தருவார்கள். “கரும்பலகை பெயின்ட்” என்றே கேளுங்கள். காய்ந்தபின் பளபளப்பில்லாமல் லேசாகச் சொரசொரப்பாக இருப்பதுதான் இதன் குணம். சாக்பீஸ் பிடிப்பது அதனால்தான்.

உண்மையான வேலை தேய்ப்பதில்தான் இருக்கிறது. பழைய எனாமலின் மினுமினுப்பு போகும் வரை உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். 8 அடிக்கு 4 அடி பலகைக்கு எனக்கு ஒரு முழுப் பகல் ஆனது. மறுநாள் முதல் கோட்டிங், அதற்கு மறுநாள் இரண்டாவது. வாடை கடுமையாக இருக்கிறது, பிள்ளைகள் இருக்கும்போது அடிக்கவே கூடாது. விடுமுறைதான் சரி. இரண்டு மூன்று நாள் காயவிட்டு, எழுதும் முன்பு சாக்பீஸைப் படுக்கவைத்துப் பலகை முழுக்கத் தேய்த்து, உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். இதைச் செய்யாமல் எழுதினால் முதல் எழுத்தின் தடம் போகாமல் நின்றுவிடும்.

பெரிய பலகைக்கு முழுத் திருப்தி. இப்போது கடைசி வரிசை வரை தெரிகிறது. அந்தப் பையன் வரியை முழுதாக எழுதுகிறான்.

மீதியிருந்த பெயின்ட்டைக் கீழ்மட்டப் பலகைக்கு அடித்தேன். பிள்ளைகள் அட்டைகளை வைத்துத் தாங்களே செய்து படிக்கும் செயல்வழிக் கற்றல் முறை வந்த காலத்தில் பிள்ளைகள் உட்கார்ந்தபடியே எழுதச் சுவரைச் சுற்றி அடித்தார்களே, அதுதான். ஆளுக்கு ஓர் இடம். ஒன்றாம் வகுப்புக்கு அதைவிட நல்ல வசதி எதுவும் இல்லை என்பேன், நோட்டில் எழுதப் பயப்படும் பிள்ளைகூட அங்கே துணிந்து எழுதும். மீதி பெயின்ட் ஒரு சுவருக்குத்தான் வந்தது. அதிலும் ஓதம் ஏறிய மூலையில் இரண்டே மாதத்தில் கொப்புளம் கொப்புளமாக உரிந்துவிட்டது. அதற்கு பெயின்ட்டைக் குறை சொல்ல மாட்டேன். ஈரச் சுவரில் எதை அடித்தாலும் நிற்காது, கொத்திப் பூச வேண்டும். அது 600 ரூபாயில் ஆகிற காரியம் இல்லை, ஒரு டீச்சர் கைக்காசில் ஆக வேண்டிய காரியமும் இல்லை.

ஐந்துக்கு நான்கு தருகிறேன். ஒன்றைக் குறைத்தது வாடைக்காக. டப்பா மூடி சரியாகப் பொருந்தாததும் ஒரு காரணம், அடியில் மிச்சமிருந்த கொஞ்சம் கட்டியாகிவிட்டது.

அரையாண்டு விடுமுறைக்கு இன்னொரு லிட்டர் சொல்லிவைத்திருக்கிறேன். ஜன்னல் பக்கத்துச் சுவர் காய்ந்த சுவர்தான். அங்கே ஒன்பது பிள்ளைகளுக்கு இடம் கிடைக்கும்.