தட்டணுவா, ஹீமாடோகிரிட்டா: டெங்குவில் எதைப் பார்ப்பது?

டெங்கு வந்த வீட்டில் காலையும் மாலையும் ஒரே கேள்விதான்: "பிளேட்லெட் எவ்வளவு?" தங்கை மகன் படுத்தபோது நானும் அதையேதான் கேட்டேன். ஐந்தாம் நாள் காலை காய்ச்சல் விட்டிருந்தது. பிளேட்லெட், அதாவது தட்டணு, 82,000; முந்தைய நாள் 95,000. பெரிதாக இறங்கவில்லை என்று மூச்சு விட்டோம். மருத்துவர் அந்த வரியைத் தாண்டிப்போய், 'பிசிவி' என்ற வரிக்கு அடியில் பேனாவால் கோடு போட்டார். காய்ச்சலின் முதல் நாள் 38 இருந்தது 46 ஆகியிருந்தது. "இவனை இன்று வீட்டுக்கு அனுப்ப முடியாது" என்றார்.

பிசிவி என்பதுதான் ஹீமாடோகிரிட்: ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீத இடத்தைப் பிடித்திருக்கின்றன என்ற கணக்கு. டெங்குவில் ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து வெளியேறும்போது ரத்தம் கெட்டிப்பட்டு இந்த எண் ஏறுகிறது. நோயாளியின் சொந்த அளவைவிட 20 சதவீதம் ஏறினால் கசிவு கணிசமானது என்று பொருள். பெரும்பாலும் காய்ச்சல் விடும் வேளையில்தான் கசிவு தொடங்கி, 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கும். நாம் நிம்மதி அடையும் நேரமும் அதுவே. அதனால்தான் காய்ச்சலின் தொடக்கத்திலேயே எடுத்த ஒரு ரத்தப் பரிசோதனைத் தாள் பொன்னுக்குச் சமம். ஒப்பிட அதைவிட நல்ல அளவு இல்லை.

தட்டணு எண்ணுக்கும் மதிப்பு உண்டு. ஹீமாடோகிரிட் ஏற ஏற அது மளமளவென்று சரிந்தால் எச்சரிக்கை. ஆனால் அதைத் தனியாகப் பார்த்தால் ஏமாற்றும். குழாயில் எடுத்த ரத்தத்தில் தட்டணுக்கள் ஒட்டிக்கொண்டால்கூடக் கருவி குறைத்துக் காட்டும். ரத்தப்போக்கு இல்லாதவருக்கு, எண் குறைந்தது என்பதற்காக மட்டும் தட்டணு ஏற்றச் சொல்லி மருத்துவரை நெருக்குவது தவறு.

ஹீமாடோகிரிட்டுக்கும் பலவீனம் உண்டு. அது இறங்குவது எப்போதும் நல்ல செய்தி அல்ல. நாடி சீராக, சிறுநீர் நன்றாகப் போகும்போது இறங்கினால், கசிந்த நீர் திரும்புகிறது. கை கால் சில்லிட்டு, நாடி வேகமாக ஓடும்போது இறங்கினால், உள்ளே ரத்தம் கசிகிறதா என்று உடனே பார்க்க வேண்டும்.

யாரும் கேட்காத எண் வெள்ளையணு. மீட்சியில் தட்டணுவுக்கு முன்பே பெரும்பாலும் இதுதான் ஏறத் தொடங்கும். கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி எண்கள் சீராக வாரக்கணக்கில் ஆகலாம். டெங்குவுக்கு எதிராக உடல் உண்டாக்கும் ஐஜிஎம் என்ற எதிர்ப்பொருள் மாதக்கணக்கில் நீடிக்கும். குணமானதை அறிய அது உதவாது.

ஏழாம் நாள் காலை அவனுடைய தட்டணு 41,000, அதுவரை இல்லாத தாழ்வு. தங்கை அழுதுவிட்டாள். அதே தாளில் ஹீமாடோகிரிட் 39, வெள்ளையணு 2,400 இலிருந்து 4,600. அவனோ இட்லி கேட்டுக்கொண்டிருந்தான். மறுநாள் தட்டணு 68,000. அன்று மாலை வீட்டுக்கு அழைத்து வந்தோம்.