எட்டு வயதுக் கணினியில் ரைசன் 5 5600: ஆறு மாதப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்புரை

ஏஎம்டி நிறுவனம் 2022 ஏப்ரலில் வெளியிட்ட ரைசன் 5 5600 செயலிக்கு (சிபியு) வந்த மதிப்புரைகளில் பெரும்பாலானவை அதைப் புதிய மதர்போர்டில், வலுவான கிராஃபிக்ஸ் கார்டுக்குத் துணையாகப் பொருத்திச் சோதித்தவை. இன்று அதை வாங்க நினைப்பவர்களில் பலரோ, 2017-லோ 2018-லோ குறைந்த செலவில் சேர்த்த கேமிங் கணினியை இன்னும் சில ஆண்டுகள் ஓட்டிவிட முடியுமா என்று பார்ப்பவர்கள். நானும் அந்த வரிசையில் நிற்பவன் என்பதால், பழைய கணினிக்குள் நுழைந்த பிறகு இந்தச் செயலி எப்படி நடந்துகொள்கிறது என்பதையும், அதற்கு வழிவிடும் முன் நான் சரிசெய்ய வேண்டியிருந்தவற்றையும் சேர்த்தே எழுதுகிறேன்.

என் கணினியில் இருந்தவை: ரைசன் 3 1200 செயலி, பி350 மதர்போர்டு, ஒரே ஸ்டிக்காக 8 ஜிபி ராம், 4 ஜிபி நினைவகம் கொண்ட ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கார்டு, 1 டிபி ஹார்டு டிஸ்க், கேபினெட்டோடு சேர்ந்து வந்த ஒரு பவர் சப்ளை. வாங்கிய காலத்தில் 1080பி திரையில் நடுத்தர அமைப்பில் எதையும் மறுக்காமல் ஓட்டிய இந்தக் கணினி, கடந்த இரண்டு ஆண்டுகளில் மூன்று விதமாகப் படுத்தத் தொடங்கியது. விளையாட்டில் நெரிசலான தெருவுக்குள் நுழைந்தால் படம் அரை நொடி உறைந்து நின்றது. வரைபடம் ஏறுவதற்குள் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம். வாரத்துக்கு ஒருமுறையாவது எந்த எச்சரிக்கையும் இல்லாமல் கணினி தானாக அணைந்து மீண்டும் எழுந்தது. மூன்றுக்கும் செயலியின் வயதுதான் காரணம் என்று முடிவுகட்டி 5600-ஐ வாங்கும் எண்ணத்தில் இருந்தேன். அப்படியே வாங்கியிருந்தால், தானாக அணையும் கணினியில் ஒரு நல்ல செயலியைப் பொருத்திவிட்டு அதையும் குறை சொல்லியிருப்பேன்.

அணைந்து எழும் சிக்கலைத்தான் முதலில் எடுத்துக்கொண்டேன். விண்டோஸின் நிகழ்வுப் பதிவில் ஒவ்வொரு முறையும் 'கெர்னல்-பவர் 41' என்ற பதிவு இருந்தது. இதைப் பார்த்ததும் பலர் பவர் சப்ளை போய்விட்டது என்று தீர்ப்பெழுதிவிடுகிறார்கள். அந்தப் பதிவு சொல்வது ஒன்றே ஒன்றுதான்: கணினி முறைப்படி அணைக்கப்படாமல் நின்றுபோனது. மின்சாரம் அறுந்ததா, வெப்பம் மிகுந்ததா, ராமில் பிழை நேர்ந்ததா என்பதை அது சொல்லாது. ஆகவே முதலில் வெப்பத்தைப் பார்த்தேன். செயலியின் மேலிருந்த ஹீட்சிங்கின் இதழ்களுக்கிடையே தூசி கம்பளிபோலப் படிந்திருந்தது. விசிறி சுற்றாதபடி விரலால் பிடித்துக்கொண்டு காற்றால் ஊதிச் சுத்தம் செய்ததில் வெப்பம் 11 டிகிரி இறங்கியது. அணைவது மட்டும் நிற்கவில்லை.

அடுத்தது பவர் சப்ளை. மதர்போர்டின் உணரி 12 வோல்ட் கம்பியில் 11.3 என்று காட்டியது. அந்த உணரிகள் அவ்வளவு துல்லியமானவை அல்ல என்பதால், பயன்படாமல் தொங்கிக்கொண்டிருந்த மோலெக்ஸ் இணைப்பானின் மஞ்சள் கம்பியிலும் கறுப்புக் கம்பியிலும் மல்டிமீட்டரின் முனைகளை வைத்து அளந்தேன். கணினி சும்மா இருந்தபோது 11.8, விளையாட்டு தொடங்கியதும் 11.5, பெரிய வெடிப்புக் காட்சி ஒன்றில் 11.2-க்குச் சரிந்து மறுபடி ஏறியது. பவர் சப்ளைகளுக்கான ஏடிஎக்ஸ் தரம் இந்தக் கம்பிக்கு 5 சதவீத ஏற்ற இறக்கத்தை மட்டுமே அனுமதிக்கிறது, அதாவது 11.4-க்குக் கீழே போகக் கூடாது. ஜிடிஎக்ஸ் 1050 டிஐ தன் 75 வாட் முழுவதையும் மதர்போர்டின் ஸ்லாட் வழியாகவே எடுக்கும் சிக்கனமான கார்டு. அதைக்கூடத் தாங்க முடியாத பவர் சப்ளையைத்தான் இத்தனை ஆண்டுகளாக நம்பியிருந்தேன். பெயர் பெற்ற தயாரிப்பாளர் ஒருவரின் 80 பிளஸ் பிரான்ஸ் (வெண்கல) மின்திறன் தரமுள்ள 550 வாட் பவர் சப்ளையை மாற்றிய நாளிலிருந்து கணினி ஒருமுறைகூடத் தானாக அணையவில்லை. இங்கே இரண்டு எச்சரிக்கைகள். பவர் சப்ளையின் மூடியைத் திறக்க வேண்டாம். மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் உள்ளே இருக்கும் கெபாசிட்டர்கள் மின்னேற்றத்தைப் பிடித்துவைத்திருக்கும். கழற்றி மாட்டும் கேபிள்கள் உள்ள புதிய சப்ளையாக இருந்தால், பழையதன் கேபிள்கள் பொருந்துவதுபோலத் தெரிந்தாலும் பயன்படுத்தக் கூடாது. சப்ளைப் பக்கத்து ஊசிகளின் வரிசை தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும், தவறினால் டிஸ்கும் மதர்போர்டும் கருகும்.

ராமில் நடந்தது என் கவனக்குறைவு. 3200 வேகம் என்று அட்டையில் அச்சிட்ட ஸ்டிக்கை வாங்கிப் பொருத்தியிருந்தேனே தவிர, பயாஸில் (கணினி எழும்போது முதலில் ஓடும் மதர்போர்டு மென்பொருளில்), ராமை அதன் அச்சிட்ட வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பி அமைப்பை இயக்கவே இல்லை. எட்டு ஆண்டுகளாக அது 2133-இலேயே ஓடியிருக்கிறது. ஒரே ஸ்டிக் என்பதால் ஒற்றைச் சேனலில் (ஒரே தரவுப் பாதையில்) 2133 வேகத்துக்கு நொடிக்குச் சுமார் 17 ஜிபி தரவுதான் செல்லும். அதே வகையில் இன்னொரு 8 ஜிபி சேர்த்து, செயலியிலிருந்து எண்ணினால் இரண்டாவதும் நான்காவதுமான ஸ்லாட்டுகளில் பொருத்தி 3200-க்கு உயர்த்தினால் அது 51 ஜிபியைத் தொடும். ரைசன் செயலிகளின் உள் இணைப்பு ராமின் வேகத்தோடு கட்டுண்டது என்பதால் இந்த வேறுபாடு மற்ற செயலிகளைவிட இவற்றில் கூடுதலாகவே தெரிகிறது. பழைய 1200-இல் என் இரண்டு ஸ்டிக்குகளும் 2933-க்கு மேல் நிலையாக நிற்கவில்லை. அதையும் நம்பிவிடாமல், ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 கருவியை ஓர் இரவு முழுக்க ஓடவிட்டு, பிழை எதுவும் இல்லை என்று பார்த்த பிறகே மேலே போனேன். ஹார்டு டிஸ்கைப் பற்றி நீட்ட ஒன்றும் இல்லை. டிஸ்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருள் மஞ்சள் நிறத்தில் எச்சரித்தது. மதர்போர்டில் காலியாகக் கிடந்த எம்.2 ஸ்லாட்டில் ஒரு என்விஎம்இ எஸ்எஸ்டியைப் பொருத்தினேன். தண்ணீர் குடிக்கப் போகும் நேரம் இல்லாமல் போயிற்று.

இவ்வளவும் முடிந்த பிறகு எஞ்சியது ஒரே குறைதான்: நெரிசலான தெருவில் உறையும் படம். இப்போதுதான் செயலியைச் சந்தேகிக்க நியாயமான காரணம் கிடைத்தது. விளையாட்டின் மேல் அளவீடுகளைத் திரையில் ஓடவிட்டுப் பார்த்தபோது, அந்தத் தெருவில் 1200-இன் நான்கு கோர்களும் (கணக்கிடும் அலகுகளும்) 100 சதவீதத்தில் முட்டிக்கொண்டிருக்க, கிராஃபிக்ஸ் கார்டு 60 சதவீதத்தில் வேலைக்குக் காத்திருந்தது. இந்தக் காட்சி தலைகீழாக, அதாவது கார்டு 98-லும் செயலி 50-லும் இருந்திருந்தால், 5600 வாங்குவதில் பயன் எதுவும் இருந்திருக்காது. வாங்க நினைக்கிறவர்கள் இந்த ஐந்து நிமிடச் சோதனையைத் தவறவிட வேண்டாம்.

5600-ஐப் பொருத்தும் முன் பயாஸைப் புதுப்பித்தாக வேண்டும், அதுவும் பழைய செயலி இடத்தில் இருக்கும்போதே. பி350 போன்ற 300 வரிசை மதர்போர்டுகளுக்கு ஏஎம்டி இந்தத் தலைமுறைச் செயலிகளுக்கான ஆதரவை 2022-இல்தான் அறிவித்தது. அதற்கு முந்தைய பயாஸில் புதிய செயலியை வைத்தால் திரையில் எதுவும் வராது. என் மதர்போர்டில் ஒரே தாவலில் கடைசிப் பதிப்புக்குப் போக முடியவில்லை. இடையில் ஒரு பாலப் பதிப்பை ஏற்றிய பிறகே கடைசிப் பதிப்பை ஏற்ற வேண்டும் என்று தயாரிப்பாளரின் பதிவிறக்கப் பக்கத்தில் சிறிய எழுத்தில் குறித்திருந்தார்கள். அந்த வரியைப் படிக்காதவர்களின் கதி என்னவாகியிருக்கும் என்று நினைக்கவே அச்சமாக இருக்கிறது. 2022 மார்ச்சில் ஏஎம்டியே ஒப்புக்கொண்ட எஃப்டிபிஎம் (குறியாக்கச் சாவிகளைக் காக்கும் பாதுகாப்புப் பகுதி) தொடர்பான விட்டுவிட்டு உறையும் சிக்கலுக்குத் திருத்தம் பயாஸுக்குள் ஏஎம்டி தரும் அடிப்படை மென்பொருளான ஏஜிசாவின் 1.2.0.7 பதிப்பில் வந்தது என்பதால், அதையோ அதற்குப் பிந்தையதையோ கொண்ட பயாஸையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

அடுத்தது எல்லாரும் அஞ்சும் கட்டம். இவ்விரண்டு செயலிகளும் பொருந்தும் சாக்கெட்டின் பெயர் ஏஎம்4; ஏஎம்4 செயலிகளில் ஊசிகள் செயலியின் அடிப்பகுதியில்தான் இருக்கின்றன. சாக்கெட்டின் நெம்புகோல் அவற்றைப் பக்கவாட்டில் இறுக்குமே தவிர, மேலிருந்து எதுவும் செயலியை அழுத்திப் பிடித்திருக்காது. எட்டு ஆண்டுகளில் காய்ந்து பசையாகிவிட்ட தெர்மல் பேஸ்ட், ஹீட்சிங்கைத் தூக்கும்போது செயலியையும் கையோடு பிய்த்துக்கொண்டு வரும். இது தெரிந்தே, கணினியைப் பத்து நிமிடம் விளையாடவிட்டுப் பேஸ்ட்டை இளக்கி, மின்சாரத்தைத் துண்டித்து, ஹீட்சிங்கை இடமும் வலமுமாக மெல்லத் திருகினேன். அப்படியும் கடைசி நொடியில் 'டொக்' என்ற ஒலியோடு செயலி மேலே வந்துவிட்டது. திருப்பிப் பார்த்தால் ஓர் ஓரத்தில் மூன்று ஊசிகள் சாய்ந்திருந்தன. மெக்கானிக்கல் பென்சிலின் கரிக்குச்சியை எடுத்துவிட்டு, அதன் குழல் முனையை ஊசியின் மேல் செருகி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிமிர்த்தினேன். மாற்றப்போகும் செயலிதானே என்று விட்டிருக்கலாம். ஆனால் பயாஸில் ஏதாவது பிசகினால் திரும்பிப் போக அது ஒன்றே வழி. புதிய செயலியோடு முதல்முறை இயக்கியபோது, எஃப்டிபிஎம்மை மீட்டமைக்கவா என்று கறுப்புத் திரையில் ஒரு கேள்வி வந்தது. விண்டோஸின் டிஸ்க் குறியாக்கமான பிட்லாக்கரைப் பயன்படுத்துகிறவர்கள் மீட்புச் சாவியைக் கையில் வைத்துக்கொள்ளாமல் அதற்கு ஆம் என்று சொல்லக் கூடாது.

இனிச் செயலியைப் பற்றி. ஆறு கோர்கள், பன்னிரண்டு திரெடுகள் (ஒரே நேரத்தில் ஓடும் பணி இழைகள்), 4.4 கிகாஹெர்ட்ஸ் உச்ச வேகம், 32 எம்பி எல்3 கேஷ் (செயலிக்குள் இருக்கும் அதிவேக நினைவகம்). இத்தனைக்கும் பழைய 1200-க்கு இருந்த அதே 65 வாட் வரையறை. எண்ணிக்கையைவிட முக்கியமானது உள்ளமைப்பு. 1200-இல் நான்கு கோர்களும் இரண்டிரண்டாகப் பிரிந்து, 8 எம்பி கேஷையும் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. 5600-இல் எல்லாக் கோர்களும் ஒரே 32 எம்பி கேஷை நேரடியாக எட்டுகின்றன. விளையாட்டில் இது நொடிக்குக் காட்டும் சராசரி ஃப்ரேம் எண்ணிக்கையைக் காட்டிலும் அதன் சீரில்தான் தெரிகிறது. என் கணினியில் சராசரி 47-லிருந்து 58-க்குத்தான் ஏறியது. ஆனால் மிக மெதுவான ஒரு சதவீத ஃப்ரேம்களின் அளவு 19-லிருந்து 44-க்குப் போனது. தெரு உறைவதே இல்லை. ராமும் 3200-இல் முதல் முயற்சியிலேயே நின்றது. பெட்டியோடு வரும் ரெய்த் ஸ்டெல்த், செம்பு அடித்தளம் இல்லாத சிறிய அலுமினிய ஹீட்சிங். 65 வாட்டுக்குப் போதும், அமைதியை விரும்புகிறவர்கள் கோபுர வடிவக் கூலரைத் தேடலாம். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்ட நிலையில், விண்டோஸ் 11-இன் அதிகாரபூர்வப் பட்டியலில் 1200 இல்லை, 5600 இருக்கிறது என்பதும் எனக்குப் பெரிய ஆறுதல்தான்.

செயலி தரமுடியாததைச் செயலியிடம் கேட்கக் கூடாது. இப்போது 1050 டிஐ எப்போதும் 98 சதவீதத்தில் ஓடுகிறது. அதன் 4 ஜிபி நினைவகம் நிரம்பும் புதிய விளையாட்டுகளில் டெக்ஸ்சரைக் குறைத்தே ஆக வேண்டியிருக்கிறது. அடுத்து மாற்ற நான் குறித்துவைத்திருப்பது 8 ஜிபி நினைவகம் உள்ள ஆர்எக்ஸ் 6600. எட்டு லேன்களில் (தரவுத் தடங்களில்) ஓடும் அந்தக் கார்டு, கார்டு ஸ்லாட்டின் பழைய தலைமுறையான பிசிஐஇ 3.0 மட்டுமே உள்ள என் மதர்போர்டிலும் பெரிதாக எதையும் இழக்காது. நான்கே லேன்களும் 4 ஜிபியும் கொண்ட ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டியை இதே காரணத்தால் பழைய மதர்போர்டுக்காரர்கள் தவிர்ப்பது நல்லது. 6600-க்கு 132 வாட் வேண்டும், எட்டு ஊசி இணைப்பானும் வேண்டும். பழைய பவர் சப்ளை இருந்திருந்தால் அந்தப் பேச்சையே எடுத்திருக்க முடியாது.

5600-க்கு மாற்றாக இரண்டைச் சொல்வார்கள். 5500-இல் எல்3 கேஷ் பாதியாக, 16 எம்பியாகக் குறைகிறது. விலை வேறுபாடு கணிசமாக இருந்தால் ஒழிய நான் அதற்கு இறங்க மாட்டேன். 96 எம்பி கேஷ் கொண்ட 5700எக்ஸ்3டி அருமையான செயலிதான் என்றாலும், 1050 டிஐயோடு அதைச் சேர்ப்பது மாட்டுவண்டிக்குப் பந்தயக் குதிரையைப் பூட்டுவது. உங்கள் மதர்போர்டுக்கு இந்தச் செயலிகளை ஆதரிக்கும் பயாஸ் வெளிவரவில்லை என்றால் இவற்றில் எதையும் வாங்கிப் பயனில்லை. ஆகவே செயலியின் விலையை விசாரிக்கும் முன், மதர்போர்டின் மேல் அச்சிட்டிருக்கும் மாதிரி எண்ணையும் அதன் திருத்தப் பதிப்பு எண்ணையும் ஒரு டார்ச் வெளிச்சத்தில் படித்துக் குறித்துக்கொள்ளுங்கள்.