பழைய சுரங்க விளக்குக்கு பார்ட்ஸ்: பழசா, புதுசா?

இங்கிலாந்து எக்கிள்ஸ்ல செஞ்ச புரொடெக்டர், வேல்ஸ் அபர்டேர்ல செஞ்ச தாமஸ் அண்ட் வில்லியம்ஸ், இப்படி ஒரு கம்பெனியோட பழைய சுரங்கப் பாதுகாப்பு விளக்கு (உள்ள எரியற தீ சுரங்கத்து வாயுவ பத்தவைக்காத மாதிரி செஞ்சது) கையில இருக்கிற எல்லாரும் கேக்கறது இதான்: இன்னொரு உடைஞ்ச விளக்க வாங்கி பிரிக்கறதா, புது பார்ட்ஸ் வாங்கறதா?

செலவு
பழசு: ஒரு கண்ணாடிக்காக முழு விளக்கு வாங்கணும், ஆனா பூட்டு, கொக்கி எல்லாம் சேந்து வந்துடும்.
புதுசு: வேண்டியத மட்டும் வாங்கலாம்.

பொருத்தம்
பழசு: அதே கம்பெனி அதே மாடல்னா மரை அப்படியே உக்காரும்.
புதுசு: மரை சேரலன்னா இழுத்து முறுக்காதீங்க, பித்தளை தேஞ்சிடும்.

உழைப்பு
தீய உள்ளயே அடக்கற கம்பிவலைக்கு புதுசுதான். இஞ்சுக்கு 28 கம்பி, சதுர இஞ்சுக்கு 784 கண்ணு, பழசுல துரு அரிச்சு ஒரு கண்ணு பெருசானாலே தீ வெளிய தாண்டிடலாம், அப்புறம் அது பாதுகாப்பு விளக்கே இல்ல. வாஷரும் புதுசே போடுங்க, பழசுல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அதோட தூசி நுரையீரலுக்கு கெடுதல், தயவுசெஞ்சு சுரண்டாதீங்க.

ஷோகேஸுக்குன்னா பழைய பார்ட்ஸ்தான் அழகு. கொளுத்திப் பாக்கணும்னா வலை, வாஷர், கண்ணாடி மூணும் புதுசு.