சுட்ட மக்ரோனி சீஸ்: வெள்ளை சாஸா, முட்டையா, சீஸ் கட்டியா?

அடுப்பில் கிளறி இறக்கும் மக்ரோனி வேறு, ஓவனில் சுட்டெடுக்கும் மக்ரோனி வேறு. சுட்டதில் மேலே பொன்னிறப் பொருக்கும் வேண்டும், உள்ளே சாஸ் வறண்டுபோகாமலும் இருக்க வேண்டும். இந்த இரண்டையும் கெடாமல் தருவது, வெண்ணெயில் மைதாவை வறுத்துப் பால் ஊற்றிக் கெட்டியாக்கும் வெள்ளை சாஸ்தான் என்பது என் முடிவு. கொங்கு வீடுகளில் அதற்கு வேண்டிய பொருள்கள் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கின்றன.

முதலில் வெண்ணெய். ஊத்துக்குளி வெண்ணெய் கிடைத்தால் வேறெதையும் தேட வேண்டாம். 250 கிராம் மக்ரோனிக்கு 40 கிராம் போதும். உருகும்போது வரும் சடசடப்பு அடங்கி நீர் வற்றிய பிறகு, அதே 40 கிராம் மைதாவைப் போட்டு, நிறம் மாறாமல் பச்சை வாசனை போகும்வரை வறுக்க வேண்டும். பிறகு 650 மில்லி பாலைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்க வேண்டும். ஆவின் பச்சைப் பாக்கெட்டே நிறைவாக இருக்கும். ஆரஞ்சுப் பாக்கெட்டில் 6 சதவீதம் கொழுப்பு. வெண்ணெயும் சீஸும் சேரும் இடத்தில் அது திகட்டிவிடும். பால் கெட்டியானதும் அடுப்பை அணைத்துவிட்டு, அதன் பிறகே 250 கிராம் சீஸைத் துருவிப் போட வேண்டும். கொதிக்கும் சாஸில் போட்டால் சீஸின் புரதம் இறுகிக் கொழுப்பு தனியே மிதக்கும். அப்படிப் பிரியாமல் காப்பதுதான் மைதா மாவின் வேலை.

சாஸ் மோர்க்குழம்பு பதத்தில் இருக்கட்டும். நீர்த்துவிட்டதோ என்று தோன்றும். ஓவனில் மக்ரோனி அதைக் குடித்துவிடும். அதனால்தான் மக்ரோனியையும் பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்பே வடித்துவிட வேண்டும். சாஸில் ஜாதிக்காய் துருவிப் போடுவது பழைய ஐரோப்பிய வழக்கம். ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராக அதே ஜாதிக்காய் விளைகிறது. ஒரு சிட்டிகை போட்டுப் பாருங்கள், பால் வாசனை அடங்கி சீஸின் மணம் எழும்.

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பல வீடுகளில் மாவு சேர்க்காமல் முட்டையும் பாலும் அடித்து ஊற்றிச் சுடுகிறார்கள். நாமக்கல் முட்டைக்குப் பஞ்சமில்லாத நமக்கு இது எளிதுதான். ஆறியதும் துண்டு போடலாம், பள்ளி டிபன் டப்பாவுக்கு இதைவிடப் பொருத்தமானது கிடையாது. ஆனால் சூடு கொஞ்சம் மிஞ்சினாலும் முட்டை திரிந்து நீர் விடும். சின்ன ஓவன்களில் சூடேறும் கம்பி பக்கத்திலேயே இருப்பதால் நடுப்பகுதி வேகும் முன்பே ஓரம் இறுகிவிடும். வெந்நீர் ஊற்றிய தட்டுக்குள் பாத்திரத்தை வைத்து 160 டிகிரியில் பொறுமையாகச் சுட்டால் தப்பிக்கலாம். புரட்டாசியில் பல வீடுகளில் இந்த வழிக்கு இடமே இல்லை.

மூன்றாவது, கடைகளில் கிடைக்கும் பதப்படுத்திய சீஸ் கட்டியைச் சூடான பாலில் கரைப்பது. 1911-இல் சுவிட்சர்லாந்தில் வால்டர் கெர்பர், ஃபிரிட்ஸ் ஸ்டெட்லர் இருவரும் எம்மென்டால் சீஸோடு சோடியம் சிட்ரேட் என்ற உப்பைச் சேர்த்து உருக்கிய முறையின் வழிவந்தது இது. அந்த வகை உப்புகள் இருப்பதால் மாவின்றியே வழுவழுப்பாக உருகும். அவசரத்துக்கு நல்லது. ஆனால் செடார் என்ற கெட்டிச் சீஸ் நாள்பட்டு முற்றும்போது வரும் உறைப்பான சுவை இதில் வராது, உப்பும் தூக்கலாக இருக்கும், மேற்பரப்பும் சரியாகச் சிவக்காது.

ஆகவே இதைத் தனியாக நம்பாமல், வெள்ளை சாஸில் மூன்று பங்கு செடாருக்கு ஒரு பங்கு இந்தக் கட்டியைச் சேர்த்தால் சாஸ் பிரியும் பயமே இராது. மொசரெல்லாவை மேலே தூவ மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இழுபடும், சுவை கொடுக்காது. துருவி விற்கும் பாக்கெட்டும் வேண்டாம். ஒட்டாமலிருக்கத் தூவிய மாவு உருகுவதைக் கெடுக்கும்.

180 டிகிரியில் 20 முதல் 25 நிமிடம், ஓரங்களில் குமிழ் விடும்வரை சுட வேண்டும். ஓவன் இல்லாதவர்கள் கேஸ்கட்டும் வெயிட்டும் கழற்றிய குக்கரில் வைக்கலாம். அதில் மேல்பக்கம் சிவக்காது என்பதால், பிரெட் தூளை வெண்ணெயில் முறுகலாக வறுத்து, பரிமாறும்போது தூவிக்கொள்ளுங்கள்.