சிவப்பு மருந்து: வெறுமனே ஏற்றுவதா, கொழுப்புக் குமிழியில் பொதிந்து ஏற்றுவதா?

மார்பகப் புற்றுநோய்க்கு மண்டபம், ராமேஸ்வரம் பக்கமிருந்து மதுரைக்குக் கீமோ போய்வருபவர்கள் டாக்ஸோரூபிசின், லிபோசோமல் டாக்ஸோரூபிசின் என்ற இரண்டு பெயர்களையும் கேட்டிருப்பார்கள். இரண்டிலும் அதே சிவப்பு மருந்துதான், பொதிதான் வேறு.

வெறும் மருந்து சில நிமிடங்களில் ரத்தத்தை விட்டு இதயத் தசை உட்பட எங்கும் பரவிவிடும். லிபோசோம் சுமார் 80 முதல் 100 நானோமீட்டர் உள்ள கொழுப்புக் குமிழி. பெக் (பாலிஎத்திலீன் கிளைக்கால்) என்ற பூச்சு இருப்பதால் ரத்தத்தில் நாள்கணக்கில் சுற்றும். இதயத்தின் ரத்தக்குழாய்ச் சுவரைத் தாண்ட அதன் பருமன் இடம் தராது. அவசரமாக முளைத்த கட்டியின் குழாய்களோ நைந்த வலை மாதிரி, கண்ணிகள் பல நூறு நானோமீட்டர் அகலம்கூட இருக்கும். உள்ளே போன குமிழி, நிணநீர் வடிகால் சரியில்லாததால் அங்கேயே தேங்கும். ஜப்பானிய ஆய்வாளர்கள் மட்சுமுராவும் மயேடாவும் 1986-இல் இதை விவரித்தார்கள்.

தேங்கும் அளவு குறைவு என்பதையும் சொல்லியாக வேண்டும். பல வகை நானோ மருந்துகளின் விலங்கு ஆய்வுகளைத் தொகுத்த 2016-ஆம் ஆண்டு அலசலில், ஏற்றியதில் கட்டிக்குப் போய்ச் சேர்ந்தது நடுமதிப்பாக 0.7 சதவீதம்தான். மனிதரிலோ கட்டிக்குக் கட்டி இது மாறும். ஆகவே 'நேராகக் கட்டியைத் தேடிப் போகும்' என்ற பேச்சை நம்ப வேண்டாம். இதன் பெரிய லாபம் இதயத்துக்குத்தான்.

பரவிய மார்பகப் புற்றுநோய் உள்ள 509 பெண்களிடம் இரண்டையும் ஒப்பிட்டு 2004-இல் முடிவு வெளியானது. உடல்பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு வெறும் மருந்து 60 மி.கி. 3 வாரத்துக்கு ஒருமுறை, லிபோசோம் 50 மி.கி. 4 வாரத்துக்கு ஒருமுறை. நோயை அடக்கியதில் இரண்டும் ஏறக்குறைய சமம். இதயப் பாதிப்பு லிபோசோமில் தெளிவாகக் குறைவு. முடி கொட்டியது வெறும் மருந்தில் 66, லிபோசோமில் 20 சதவீதம். ஆனால் உள்ளங்கை, உள்ளங்கால் சிவந்து உரிவது வெறும் மருந்தில் 2, லிபோசோமில் 48 சதவீதம்.

நம் கடற்கரையில் இந்த 48 கனமான எண். பாசி எடுக்கிற, வலை இழுக்கிற, சுடுமணலில் நடக்கிற கைகால்களுக்கு அது வேலையையே நிறுத்திவிடும். ஏற்றியபின் ஒரு வாரமாவது வெந்நீர், உராய்வு, இறுக்கமான செருப்பு தவிர்க்க வேண்டும். எரிச்சல் தொடங்கியதுமே சொன்னால் அடுத்த தவணையைத் தள்ளலாம், அளவைக் குறைக்கலாம். பொறுத்துக்கொண்டு போனால் தோல் வெடிக்கும்.

ஏற்றும் முறையும் வேறு. லிபோசோமை 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸில்தான் (சர்க்கரைக் கரைசல்) கலக்க வேண்டும், சலைனில் (உப்புக் கரைசல்) கூடாது. ஏற்றும் குழாயில் வடிகட்டி பொருத்தக் கூடாது. நிமிடத்துக்கு 1 மி.கி. வேகத்தில் தொடங்க வேண்டும், முதல் தடவை முதுகுவலி, மூச்சுத்திணறல் வரலாம். குப்பி 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும், உறையக் கூடாது. வெறும் மருந்தில் பயம் ஊசி ரத்தக்குழாயை விட்டு நழுவுவதுதான். வெளியே கசிந்தால் சதை அழுகும்.

ஆரம்ப நிலையில் குணப்படுத்தவே தரும்போது, இதயம் நன்றாக இருந்தால், வெறும் மருந்துதான் வழக்கம், விலையும் பல மடங்கு குறைவு. எக்கோவில் (இதய ஸ்கேன்) இதயம் பலவீனமாகத் தெரிந்தாலோ, முன்பே நிறைய ஏற்றியிருந்தாலோ லிபோசோமைப் பற்றிக் கேளுங்கள். வெறும் மருந்துக்கு வாழ்நாள் வரம்பு சதுர மீட்டருக்கு 450 முதல் 550 மி.கி. மதுரையில் பாதி, ராமநாதபுரத்தில் பாதி ஏற்றினாலும் கணக்கு ஒன்றே. ஒவ்வொரு தவணையின் மில்லிகிராமையும் ஒரே நோட்டில் எழுதி வாங்குங்கள்.